பத்து மணிக்கு நின்னுபோன பேய்ப்படம்

3 ஆகஸ்ட் 2024, மாலை 6.15 (ஒரு வாசகர் கேள்வி)

ரத்தம் தெறிக்கிற மட்டமான பேய்ப்படம் பார்க்கிறவங்க இங்க நெறைய பேர் இருக்கீங்க. எனக்கு நெஜமாவே புரியல. ரப்பர் முகமூடி, சாயத் தண்ணி ரத்தம், கயிறு தெரியத் தெரிய பறக்கிற தலை. பயமும் வர மாட்டேங்குது, கதையும் இல்ல. நல்ல படம் எவ்வளவோ இருக்கு, இதுல அப்படி என்னாதான் இருக்கு? சண்டைக்குக் கேக்கல, தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன்.

3 ஆகஸ்ட், இரவு 10.40

ரப்பர் முகமூடின்னு எழுதினீங்க பாருங்க, அங்கேயே புடிச்சிக்கிறேன்.

நான் மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்துல பொறந்து வளந்தவன். ஊர் பேர 2007ல பெஸ்தாரி ஜெயான்னு மாத்திட்டாங்க, எங்க வாயில இன்னும் பழைய பேருதான் வருது. அம்மா கித்தா மரத்துல பால் வெட்டுனவங்க. பள்ளிக்கூடம் லீவுன்னா நானும் தங்கச்சியும் அம்மாகூட நெரைக்கு, அவங்க வெட்டற மர வரிசைக்கு, போயிடுவோம். மரத்துல இருக்கிற மங்குல (கிண்ணத்துல) சொட்டற பால விரல்ல தொட்டு முழங்கை வரைக்கும் பூசிக்கிட்டு கைய ஆட்டிக்கிட்டே நடப்போம். கொஞ்ச நேரத்துல வெள்ளையா இருந்தது மங்கி கண்ணாடி மாதிரி ஆயிடும், தோல் இழுத்துப் புடிக்கும். அப்ப நகத்தால ஒரு ஓரத்தக் கௌப்பி மெதுவா உரிக்கணும். கைமயிரெல்லாம் சேர்ந்து வரும், சுள்ளுன்னு வலிக்கும். உரிஞ்சி வர்ற துண்ட வெளிச்சத்துல புடிச்சிப் பாத்தா நம்ம தோல்ல இருக்கிற கோடெல்லாம் அதுலயும் பதிஞ்சிருக்கும். அத கன்னத்துல ஒட்டிக்கிட்டு லயத்துக்கு, எங்க வரிசை வீட்டுக்கு, பின்னால நின்னு பாட்டிய பயமுறுத்துவோம்.

எனக்கு எட்டு ஒம்பது வயசு இருக்கும்போது வீடியோவுல ஒரு இந்தோனேசியப் படம் போட்டாங்க. ஒரு பொம்பளப் பேயி, கன்னத்துத் தோல் உரிஞ்சி தாடைக்குக் கீழ தொங்குது. புள்ளைங்கெல்லாம் ஓன்னு கத்துதுங்க. நான் தங்கச்சியப் பாத்தேன், அவ என்னயப் பாத்தா. ரெண்டு பேருக்குமே தெரிஞ்சிடுச்சி, அது பால். காய்ஞ்ச பால். தெரிஞ்சும் அன்னிக்கு ராத்திரி நான் ஒண்ணுக்குப் போக வெளிய எறங்கல. ரப்பர்னு தெரிஞ்சா பயம் போயிடும்னு நெனைக்கிறீங்க. எங்களுக்கு ரப்பர்ங்கிறதாலேயே அது பக்கத்துல வந்துடுச்சி.

சினிமா மேக்கப்காரங்க பூசற லிக்விட் லாடெக்ஸ் வேற ஒண்ணுமில்ல, கித்தாப் பால்தான். கட்டியாகாம இருக்க அமோனியா ஊத்தி, மெசின்ல சுத்தி, ரப்பர் 60 விழுக்காடு வர்ற அளவுக்குக் கெட்டியாக்குன பால். 1980கள்ல உலகத்துலேயே அதிகமா கித்தா எடுத்த நாடு நம்ம நாடு. அப்ப எங்கேயோ அமெரிக்காவுல ஒரு நடிகை மூஞ்சில ஒட்டுன பேய்த் தோல்ல ஒரு கரண்டி எங்க அம்மா மாதிரி ஒருத்தவங்க காலையில இருட்டுல வெட்டுனதா இருக்கலாம். இத நெனைக்காம என்னால அந்தப் படங்களப் பார்க்க முடியாது.

ஒரு உதவி. நான் சொன்ன படத்தோட கடைசி இன்னும் கண்ணுல நிக்குது: பேய் தோட்டத்து ஆபீசுக்குள்ள நுழைஞ்சி கணக்குப் புத்தகத்த எடுத்து, பக்கம் பக்கமா கிழிச்சி, ஆபீசுல கணக்கு எழுதற கிராணி வாயில திணிக்கும். படம் பேரு தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

4 ஆகஸ்ட், காலை 8.10

இன்னிக்கு ஆடி அமாவாசை. சீனவங்களோட ஏழாம் மாசமும் இன்னிக்கே ஆரம்பிக்குது. எங்க டவுன் ரோட்டோரத்துல ஒரு பக்கம் ஊதுபத்தியும் காகிதக் காசும், இன்னொரு பக்கம் எள்ளும் தண்ணியும். செத்தவங்களுக்கு சாப்பாடு வைக்கிற வேலைய ரெண்டு சாதியும் ஒரே நாள்ல பாக்குது.

சாயத் தண்ணி ரத்தம் பத்தி. எங்க தோட்டத்து முனியாண்டி கோயில்ல ஆடியில கிடா வெட்டுவாங்க. மொத வரிசையில நிக்கறது புள்ளைங்கதான், யாரும் வெரட்ட மாட்டாங்க. அதனால நெஜ ரத்தம் எப்படி இருக்கும்னு எங்களுக்கு நல்லா தெரியும். விழுந்த உடனே நல்ல செகப்பு, ஆவி வரும். கொஞ்ச நேரம் போனா ஓரத்துல கருக்கும், நடுவுல அல்வா மாதிரி உறையும், ஈ மொய்க்கும். சினிமா ரத்தம் கடைசி வரைக்கும் செகப்பாவே இருக்கு. இத மொத மொதல்ல கவனிச்சப்ப எனக்கு ஒரு நிம்மதி வந்துச்சி. கிடா ரத்தத்தப் பாத்துட்டு அன்னிக்கு கறி சாப்பிட முடியாம ஓடிப்போனவன் நான். சினிமா ரத்தத்த நாள் பூரா பார்க்க முடியும், ஏன்னா அதுல யாரும் சாகல.

4 ஆகஸ்ட், காலை 8.25

மேல எழுதினத திருத்தணும். ‘நிம்மதி’ மட்டும் இல்ல. அந்த செகப்ப யாரோ பாத்துப் பாத்து கலக்குனாங்கங்கிறதும் சேர்த்துத்தான்.

1968ல பிட்ஸ்பர்க் பக்கம் ஜார்ஜ் ரொமேரோ ஒரு பொணங்க நடக்கிற படம் எடுத்தாரு, கறுப்பு வெள்ளை, செலவு சுமார் 1,14,000 டாலர். அதுல ரத்தம் சாக்லேட் சிரப்பு. கறுப்பு வெள்ளையில அது சரியா தெரியும். பொணங்க திங்கிற கறி, ஈரல், குடலெல்லாம் படத்துல பணம் போட்டவங்கள்ல ஒருத்தரோட கசாப்புக் கடையில இருந்து வந்தது. கடைசி நேரத்துல படத்து பேர மாத்தும்போது உரிமைக் குறிப்ப எழுத விட்டுட்டாங்க, அதனால படம் யாருக்கும் சொந்தமில்லாம போயிடுச்சி, யார் வேணா கேசட்டு போட்டு வித்தாங்க. எடுத்தவங்களுக்கு எவ்வளவு பெரிய நட்டம். ஆனா ஊர் ஊரா அது போய்ச் சேர்ந்ததுக்கு அதுதான் காரணம்.

5 ஆகஸ்ட், இரவு 11.30

ஈப்போவுல இருந்து ஒரு வாசகர் கேட்டது: ‘கைவேலதான் புடிக்கும்னா செலவு பண்ணி எடுத்த படத்துலயும் கைவேல இருக்கே?’

இருக்கு. ஆனா மறைச்சிடுவாங்க. காசில்லாத படத்துல மறைக்க முடியாது, அதுதான் வித்தியாசம்.

சேம் ரெய்மி 1981ல கொண்டுவந்த ஈவில் டெட் படத்த எடுத்துக்குங்க. டென்னஸி காட்டுல ஒரு பாழடைஞ்ச குடிசை, கூட இருந்தவங்கள்ல முக்காவாசி கூட்டாளிங்க, இருபது வயசுப் பையனுங்க. காட்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு மரத்துக்கெல்லாம் நடுவுல பாஞ்சி வரும் பாருங்க, அதுக்கு அவங்ககிட்ட பெரிய மெசின் கிடையாது. ஒரு நீளப் பலகை, நடுவுல கேமராவ முடுக்கி, ரெண்டு பேர் ரெண்டு முனையப் புடிச்சிக்கிட்டு ஓடுனாங்க. நான் இதப் படிச்சப்ப எனக்கு உடனே ஞாபகம் வந்தது காண்டா கம்புதான். அம்மா தோள்ல காண்டா, ரெண்டு பக்கமும் பால் வாளி, மேட்டுல எறங்கும்போது பால் சிந்தாம இருக்க ஒரு மாதிரி குலுங்காம ஓடுவாங்க. அதே நடை அந்தக் கேமராவுலயும் இருக்கு. இனிமே பாத்தீங்கன்னா காட்சிய விட்டுட்டு அந்த ரெண்டு பேர் காலடிய நெனைச்சிப் பாருங்க.

ரத்தம்: சோளச் சீனிப்பாகு, கோப்பிக்குப் போடற பால்மாவு, செகப்புச் சாயம். பால்மாவு எதுக்குன்னா, வெறும் பாகு கண்ணாடி மாதிரி தெரியும், மாவு போட்டாதான் கெட்டியா மறைக்கும். இதெல்லாம் மளிகைக் கடை சாமான். வீட்டுல செஞ்சி பாத்திருக்கேன். எறும்பு வரும், அது ஒண்ணுதான் பிரச்சன.

இப்ப கம்ப்யூட்டர்ல ரத்தம் தெளிக்கிறாங்களே, அது சட்டையில ஒட்டறதே இல்ல. தரையில விழுந்தா யாரும் வழுக்குறதில்ல. எனக்கு அதுல ஒண்ணுமே இல்ல.

7 ஆகஸ்ட், இரவு 9.50

சரி, வீடியோ பத்தி முழுசா எழுதிடறேன், ஏன்னா கேள்வி கேட்டவருக்கு உண்மையான பதிலு அதுலதான் இருக்குன்னு ரெண்டு நாளா தோணிக்கிட்டே இருக்கு.

எங்க லயத்துல டிவி இருந்த வீடே மூணு நாலுதான். சம்பளம் போட்ட சனிக்கிழமை, டவுன்ல இருந்து ஒரு தவுக்கே, சீன முதலாளி, வீடியோ டெக்கையும் அஞ்சாறு கேசட்டையும் வேன்ல கொண்டாந்து வாடகைக்கு விடுவாரு. அத ஒரு வீட்டுல வச்சி ஆளுக்கு 50 காசு. புள்ளைங்களுக்கு 20 காசு, மடியில உக்காந்தா காசு இல்ல. வாசல்ல, ஜன்னல்ல, சாணி போட்ட முத்தத்துலன்னு எங்க பாத்தாலும் ஜனம். மொத படம் எப்பவும் சாமிப் படமோ குடும்பப் படமோ. ரெண்டாவதுதான் பேய்ப்படம், ஏன்னா அது இருட்டுல பார்க்கணும். அங்கதான் சிக்கல்.

தோட்டத்துல கரண்டு ஜெனரேட்டர்ல ஓடுச்சி. சாயங்காலம் 6 மணிக்குப் போடுவாங்க, ராத்திரி 10 மணிக்கு நிறுத்திடுவாங்க. நிறுத்தப் போறதுக்கு முன்னால விளக்கு ரெண்டு தடவ மங்கி எரியும். அப்படி மங்கும்போது மொத்த கூட்டமும் ‘ஐயோ’ன்னு ஒரு சத்தம் போடும் பாருங்க, எந்தப் பேய்க்கும் அப்படிப் போட்டதில்ல. டிவி நடுவுல ஒரு வெள்ளைப் புள்ளியா சுருங்கி அணைஞ்சிடும். கேசட்டு உள்ளேயே மாட்டிக்கும். காலையில தவுக்கே வந்து எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு போயிடுவாரு.

அதனால என் சின்னப் புள்ள வயசுல பாத்த பேய்ப்படத்துல முக்காவாசிக்கு எனக்கு முடிவு தெரியாது. பேய் யாருன்னு தெரியும், யார் கொன்னாங்கன்னு தெரியும், பழிவாங்க ஆரம்பிக்கும்போது கரண்டு போயிடும்.

ஆனா யாரும் எந்திரிச்சி வீட்டுக்குப் போக மாட்டாங்க. எங்க பக்கத்து லயத்துல ஒரு மாமா, தோட்டத்துக் கித்தாப் பால் சேர்க்கிற பால் ஸ்டோர்ல வேலை. அவர்கிட்ட ஆசிட் வாடை எப்பவும் இருக்கும். இருட்டுல அந்த வாடை நகர்ந்து நடுவுக்கு வந்தா மாமா எந்திரிச்சிட்டாருன்னு அர்த்தம். ‘அப்புறம் என்னா ஆச்சின்னா’ன்னு ஆரம்பிப்பாரு. மிச்சப் படத்த அவரு சொல்லுவாரு. மெழுகுவத்தி கூட ஏத்த விட மாட்டாரு. கொழந்தைங்க கால்ல எங்கேயாச்சும் ஒரு விரல் பட்டா போதும், நாலு வீட்டுக்குக் கேக்கற மாதிரி அலறுவோம். அவரு அந்தப் படத்தப் பாத்தவரெல்லாம் கிடையாது. இட்டுக்கட்டுவாரு. அதுவும் எங்களுக்குத் தெரியும்.

நல்லா எடுத்த பெரிய படத்துக்கு அவரால முடிவு சொல்ல முடிஞ்சதில்ல, ஒரு தடவ முயற்சி பண்ணிட்டு ‘இது நம்மளால ஆவாது’ன்னு விட்டுட்டாரு. மட்டமான பேய்ப்படத்துல மட்டும் அவரு நுழைய எடம் இருந்துச்சி. தையல் விட்ட சட்டை மாதிரி, கைய உள்ள விடலாம். கேள்வி கேட்டவரே, ‘கதை இல்ல’ன்னு நீங்க சொன்னது சரிதான். கதைய நாங்க கொண்டுபோனோம்.

8 ஆகஸ்ட், காலை 6.40

தங்கச்சி இதையெல்லாம் படிச்சிட்டு நேத்து ராத்திரி 12 மணிக்குப் போன் பண்ணா. ‘அண்ணே, ஆபீசுல போயி புத்தகத்தக் கிழிக்குதுன்னு எழுதியிருக்கியே, அந்தப் பேய் என்னா பாசையில பேசுச்சி?’ன்னு கேட்டா.

தமிழ்ல பேசுச்சி. ‘என் பேரு எங்கடா?’ன்னு கேட்டுச்சி. அந்தக் குரல் எனக்கு இன்னும் கேக்குது.

‘இந்தோனேசியப் படத்துல பேய் எப்படிண்ணே தமிழ் பேசும்?’ன்னா.

நான் அப்படியே உக்காந்துட்டேன். நாப்பது வருசமா நான் படத்துல பாத்ததா நெனைச்சிக்கிட்டிருந்த காட்சி படத்துலயே இல்ல. கரண்டு போன பின்னால, இருட்டுல, மாமா சொன்னது. ஆனா எனக்கு அது படமாத்தான் ஞாபகம் இருக்கு, பேயோட கை, கிழிஞ்ச பக்கம், கிராணியோட மூக்குக் கண்ணாடி ஒடையற சத்தம் வரைக்கும்.

படம் பேரு தேடிக் குடுக்க முன்வந்த ரெண்டு பேருக்கும் நன்றி, மன்னிச்சிக்குங்க, இனி தேட வேண்டாம்.

8 ஆகஸ்ட், இரவு 10.15

வேலையில பூரா அதே நெனப்பு. அந்தப் பேய் கிழிச்ச கணக்குப் புத்தகம் செக்ரோல்தான். தெரியாதவங்களுக்கு: காலையில பெரட்டுல, வரிசையில நிக்க வச்சிப் பேர் கூப்பிட்டு, வேலைக்கு வந்தவங்க பேர தினமும் குறிக்கிற புத்தகம். பேர் விழுந்தாதான் சம்பளம். வந்து வேலை செஞ்சும் பேர் விழாம போற நாளுங்க உண்டு. மாமாவுக்கு ஒரு மாசம் அப்படி அஞ்சாறு நாள் போச்சின்னு அப்பா பேசி கேட்டிருக்கேன். கேக்கப் போனவர ஆபீசு வாசல்லயே நிக்க வச்சி அனுப்பிட்டாங்களாம். அவரு யார்கிட்டயும் சத்தம் போட்டுப் பேசி நான் பாத்ததில்ல. இருட்டுல, ஒரு பொம்பளப் பேயோட வாயில வச்சிக் கேட்டிருக்காரு.

9 ஆகஸ்ட், மாலை 5.30

கூலிம்ல இருந்து ஒரு அக்கா எழுதியிருந்தத மூணு தடவ படிச்சேன். அவங்க சொல்றது: ‘நீங்கெல்லாம் கைவேல, கதைன்னு பேசறீங்க. அந்தப் படங்கள்ல வெட்டுப்படறது, கிழிபடறது, ஓட ஓட வெரட்டப்படறது எல்லாம் பொம்பள ஒடம்பு. எங்கள முன்னால உக்கார வச்சி அதப் பார்க்க வச்சாங்க. அந்த நெனப்பு உங்களுக்கு வேற மாதிரி இருக்கலாம்.’

பதில் உடனே எழுதத் தோணல. தங்கச்சிகிட்ட கேட்டேன். கெடுக்கிற காட்சி வந்தா பாட்டி அவ கண்ண முந்தானையால மூடுவாங்களாம், ஆனா காது தொறந்தே இருக்கும்னா. எனக்கு யாரும் கண்ண மூடல.

11 ஆகஸ்ட், பிற்பகல் 3.20

நம்ம ஊரு பேய்ப்படத்த விட்டுட்டு அமெரிக்காவப் பேசிக்கிட்டிருந்தேன், தப்பு.

1957ல காத்தே-கெரிஸ் கம்பெனி சிங்கப்பூர்ல எடுத்த பொந்தியானாக், மரியா மெனாடோ நடிச்சது. டைரக்டர் பி. என். ராவ், இந்தியாவுல இருந்து வந்தவரு, இங்க வர்றதுக்கு முன்னால தமிழ்ப் படமும் எடுத்தவரு. அழகான பொம்பள கண்ணு முன்னால கோரமா மாறுறத அன்னிக்கு ஜனம் அப்படி ஒரு ஆசையோட போய் பாத்துச்சி. அதே வருசம் ரெண்டாவது பாகம், 1958ல மூணாவது. பிரசவத்துல செத்தவ திரும்பி வர்ற கதை மலாய்க்காரங்களுக்கு பொந்தியானாக், நமக்குக் காட்டேரி. டாக்டரப் பார்க்க டவுனுக்கு லாரி கெடைக்கிற வரைக்கும் காத்துக் கெடந்த தோட்டத்துல இந்தக் கதைய யாரும் வெளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. எங்க பாட்டியோட அக்கா அப்படித்தான் போனாங்க.

அந்த மொத ரெண்டு படமும் இன்னிக்கு இல்ல. பிரதியே கிடையாது. கம்பெனிய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஹோ ஆ லோக் ரீலுங்கள ஈயக் குட்டையில வீசிட்டாருன்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா இருக்கு. எங்க ஊர சுத்தி ஈயக் குட்டைங்கதான், கப்பல் மாதிரி பெரிய மெசின் வச்சி ஈயம் எடுத்த ஊரு. சின்ன வயசுல அந்தத் தண்ணிய எட்டிப் பார்க்கவே விட மாட்டாங்க, அடி தெரியாது, பச்சையா அசையாம கெடக்கும். எந்தக் குட்டையோ தெரியாது, ஆனா படம் ஒண்ணு தண்ணிக்கு அடியில கெடக்குதுன்னு நெனைச்சா எனக்கு மனசு என்னமோ பண்ணுது. மட்டமான படம்னு ஒருத்தருக்குத் தோணுனா போதும், அத யாரும் பத்திரப்படுத்த மாட்டாங்க. இந்த விசயத்துல எனக்குக் கோவம் உண்டு.

13 ஆகஸ்ட், இரவு 11.05

ஈப்போகாரர் சாப்பாட்டுக் காட்சி கேட்டாரு. எனக்குப் புடிச்சது ரெண்டு.

1981ல வந்த சுண்டெல் போலோங், இந்தோனேசியா, சுசானா நடிச்சது. முதுகுல ஓட்டை விழுந்த பேயி. ராத்திரி சாத்தே (குச்சியில கோத்து சுட்ட கறி) கடைக்குப் போயி 200 குச்சி சாத்தே கேட்கும். கடைக்காரரு பொட்டலமான்னு கேட்டா இங்கேயே சாப்பிடறேன்னு சொல்லும். சொல்லிட்டு நெஜமாவே திங்கும். செத்தவளுக்குப் பசி இருக்கு பாருங்க. சுசானா 2008ல செத்துப் போனாங்க. அவங்க கண்ண இமைக்காம பாக்கற பார்வைக்கு ஈடா இன்னொருத்தர நான் பாத்ததில்ல.

இன்னொண்ணு 1978 ஜெகன்மோகினி, விட்டலாச்சார்யா எடுத்தது. மருமக வேசத்துல வந்த பேய் அடுப்புல வெறகுக்குப் பதிலா தன் கால வச்சி சமைக்கும். எங்க பாட்டி அந்தக் காட்சிக்கு சிரிக்கவே இல்ல. ‘ஆமா, மருமவளா போனா அப்படித்தான்’னு மட்டும் சொன்னாங்க.

14 ஆகஸ்ட், காலை 7.00

பாட்டி சொன்னத எழுதின பின்னாலதான் கூலிம் அக்காவுக்கு என்ன பதில்னு தெரிஞ்சுது.

அக்கா, நீங்க சொன்னது சரி. மொத பாதியில கேமரா அவள எப்படிப் பாக்குதோ அப்படியேதான் நாங்களும் பாத்தோம், ரெண்டாவது பாதியில அவ பழிவாங்கும்போது கை தட்டுனா மொத பாதி சரியாப் போச்சின்னு நெனைச்சிக்கிட்டோம். சரியாப் போவல. அதுவும் எங்களுக்கு பத்து மணிக்குக் கரண்டு போயிடுமே, அப்ப நான் பாத்த முக்காவாசி படத்துல நான் பாத்தது மொத பாதி மட்டும்தான். இது எனக்கு இவ்வளவு நாளா தோணவே இல்ல.

ஒண்ணு மட்டும் சொல்றேன். பேய் இல்லாத ரத்தப் படம், சும்மா ஆள கட்டிப் போட்டு அறுக்கிறது, அத நான் பாக்கறதில்ல, ரெண்டு தடவ பாதியில எந்திரிச்சிட்டேன். செத்தவங்க திரும்பி வந்து கேக்கணும். அந்தக் கேள்விக்குத்தான் உக்காந்திருக்கேன்.

18 ஆகஸ்ட், இரவு 11.50

சீனவங்களோட ஏழாம் மாசத்துப் பதினஞ்சாம் நாள். டவுன்ல மேடை போட்டு பாட்டு. மொத வரிசை நாற்காலி காலியா விட்டிருக்காங்க, அது செத்தவங்களுக்கு. ஒரு சின்னப் பையன் தெரியாம போயி உக்கார, அவங்க ஆயா ஓடிவந்து தூக்கிட்டாங்க, தூக்கிட்டு நாற்காலியப் பாத்து கையெடுத்துக் கும்பிட்டாங்க.

1980கள்ல ஹாங்காங்ல இருந்து வந்த குதிக்கிற பொணம் படங்க ஞாபகம் இருக்கா? நெத்தியில மஞ்சக் காகிதம், மூச்சப் புடிச்சிக்கிட்டா அதுக்கு நம்மளத் தெரியாது. பள்ளிக்கூடத்துல நாங்க அத வெளையாடுவோம், சீனப் புள்ளைங்க, மலாய்ப் புள்ளைங்க எல்லாம் ஒண்ணா, மூச்சப் புடிச்சி. நெத்திக்கு சிலேட்டு அட்டை. மூணு மொழிப் புள்ளைங்களுக்கும் விதி தெரிஞ்சிருந்த ஒரே வெளையாட்டு அது.

24 ஆகஸ்ட், இரவு 10.30

லிக்விட் லாடெக்ஸ் ஒரு பாட்டில் ஆன்லைன்ல வாங்கினேன். தங்கச்சி மகளுக்குப் பள்ளிக்கூட நாடகம், காட்டேரி வேசம். எப்படிப் பண்றதுன்னு படிச்சி வச்சிருந்தேன்: ஸ்பாஞ்சால ஒரு பூச்சு, மேல டிஸ்ஸூ ஒரே ஒரு மடிப்பு பிச்சி ஒட்டணும், மறுபடி ஒரு பூச்சு, முடி காய வைக்கிற மெசின்ல சூடில்லாத காத்து. மூணு அடுக்கு வந்த பின்னால நடுவுல கிழிச்சி விட்டா தோல் உரிஞ்ச மாதிரி நிக்கும். பூசறதுக்கு முன்னாலயே கண்ணுப் புருவத்துல வாசலின் தடவிடணும், இல்லன்னா புருவம் வந்துடும். சிலருக்கு ரப்பர் ஒத்துக்காது, அதனால மொதல்ல கையில கொஞ்சம் பூசிப் பாத்தோம்.

மூடியத் தொறந்த உடனே அமோனியா வாடை. அம்மா அடுப்படியில இருந்து கத்துனாங்க, ‘யார்ரா அது ஸ்டோர தொறந்தது?’

ஈரக் கையோட வந்து பாட்டில வாங்கி மோந்து பாத்தாங்க. 76 வயசு. நான் டிஸ்ஸூ ஒட்டறத கொஞ்ச நேரம் பாத்துட்டு, ‘இப்படி அப்பாதடா, தடிச்சா உரியாது’ன்னு ஸ்பாஞ்ச வாங்கிட்டாங்க. விரலாலயே பூசுனாங்க, நெத்தியில இருந்து கன்னம் வரைக்கும் ஒரே இழுப்புல, மரத்துல உளி போற மாதிரி சாய்வா. புள்ள சிரிக்காம உக்காந்திருந்தா. காய்ஞ்ச பின்னால அம்மா நகத்தால ஓரத்தக் கௌப்பி அரை அங்குலம் உரிச்சி அப்படியே தொங்க விட்டாங்க. நான் படிச்சி வச்சிருந்தத விட பத்து மடங்கு நல்லா வந்துச்சி. தங்கச்சி பாத்துட்டு என்னயத் திரும்பிப் பாத்தா.

25 ஆகஸ்ட், காலை 6.15

ராத்திரி அம்மாகிட்ட மாமா சொன்ன கதையப் பத்திக் கேட்டேன். பேய் ஆபீசுக்குப் போனது, புத்தகத்தக் கிழிச்சது, எல்லாம் அவங்களுக்கு ஞாபகம் இருக்கு. ஆனா நான் அதுதான் முடிவுன்னு நெனைச்சிக்கிட்டிருந்தேன். அதுக்கப்புறமும் இருந்துச்சாம், நாங்க புள்ளைங்க தூங்கிட்டோம்.

‘அப்புறம் அது எங்கம்மா போச்சி?’ன்னு கேட்டேன்.

‘எங்க போவும். புத்தகத்தக் கிழிச்சிட்டு வீட்டுக்குப் போயி புள்ளைக்குப் பால் குடுத்துட்டு, காலையில அஞ்சரைக்குப் பெரட்டுக்கு வந்து நின்னுச்சி. எங்ககூட வரிசையில’ன்னாங்க. ‘நான் அடுத்த நாள் பெரட்டுல திரும்பிப் பாத்துக்கிட்டே நின்னேன்டா. கிராணி பேர் கூப்பிடறாரு, எனக்குப் பின்னால யாரோ மூச்சு விடற மாதிரியே இருக்கு.’